குடத்தின் கழுத்தில் ஒரு பெயர்

பாலக்கரையில் என் அத்தை மகள் வசந்தாவின் வீட்டு பால்கனி. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் கோலமாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் முதுகில் சுட்டது. உள்ளே வசந்தாவின் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

அந்தக் குடத்தில் அதுவரை மணி பிளாண்ட் இருந்தது. நான்தான் அதை மண்ணோடு பெயர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றச் சொன்னேன். காபி குடித்துக்கொண்டே பழுத்த இலை ஒன்றைக் கிள்ளப் போனபோது, குடத்தின் கழுத்துக்குக் கீழே என் விரலில் ஏதோ சொரசொரத்தது. அதுதான் காரணம்.

பாத்திரத்தில் வெட்டிய எழுத்து தேய்ந்துபோனால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதன் மேல் கோலமாவைத் தூவி உள்ளங்கையால் வழித்துவிட வேண்டும். மாவு பள்ளத்தில் மட்டும் தங்கும். எழுத்து வெள்ளை வெளேரென்று எழுந்து வரும். விபூதி, அரிசிமாவு, முகப்பவுடர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு நான் கண்டுபிடித்த வழி இது. காப்புரிமை கேட்கவில்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு ‘த’ வந்தது. பக்கத்தில் ‘ன’. பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி மாவைத் தேய்த்தேன். ‘தனபாக்கியம்’ என்று வந்து நின்றது.

“யாருடி இது?” என்றேன்.

வசந்தா கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். “என்ன கேள்வி இது? ராஜேந்திரன் அத்தானோட அம்மா. அவங்க குடம்தானே அது.”

ராஜேந்திரன் என் அண்ணன். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. தன்னைப் பெற்றவளின் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவருக்காக அந்தப் பெயரைத் தேடி நான் இரண்டு வருஷமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். அது இங்கே மணி பிளாண்டோடு சேர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“ஏண்டி, குடும்ப குரூப்புல எத்தனை தடவை கேட்டேன்? பேரு வெட்டின பழைய பாத்திரம் யாரு வீட்டுல இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு?”

“பாத்திரம்னு கேட்ட. இது பூந்தொட்டியால்ல இருந்துச்சு” என்றாள் வசந்தா.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாருடைய பெயரைத் தேடுகிறேன் என்று நானும் குரூப்பில் சொல்லவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான். மாதம் ஒருமுறை அந்த பால்கனியில் உட்கார்ந்து காபி குடிக்கிறவளும் நான்தான்.

மேலே கோடு இல்லாத பெட்டி

எங்கள் அப்பாவுக்கு இரண்டு கல்யாணம். முதல் மனைவி, அண்ணன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். வருஷம் திரும்புவதற்குள் அப்பா என் அம்மாவைக் கட்டினார். ஆறு வருஷம் கழித்து நான் பிறந்தேன். அண்ணனை வளர்த்தது என் அம்மாதான். எங்கள் இருவருக்கும் ஒரே சோறு, ஒரே அடி, ஒரே எண்ணெய்க் குளியல். இதில் எந்தக் குறையும் அண்ணனும் சொன்னதில்லை.

ஆனால் அந்த முதல் மனைவியைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. யாராவது தெரியாமல் பேச்செடுத்தால், அப்பா சாப்பாட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அது துக்கமா, கோபமா என்று கண்டுபிடிக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அத்தை மட்டும் எப்போதாவது ‘பாப்பா இருந்தப்ப’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். சித்தப்பாவுக்கு அவர் வெறும் ‘அண்ணி’. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பாப்பா உண்டு. அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

அண்ணன் மகள் கவிதாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இன்னார் பேத்தி என்று தாத்தா பாட்டி பெயர் போடும் இடத்தில், அப்பா பெயரும் என் அம்மா பெயரும் இருந்தன. அச்சகத்திலிருந்து வந்த புரூஃபை அண்ணன் படித்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு “சரியா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த விரலை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமே என்று பல நாள் நினைத்தேன்.

பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது நடந்த பிரிவு உபசாரத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன் அல்லவா? அந்தச் சந்தன மாலை வாடுவதற்குள் நான் ஒரு சார்ட் பேப்பர் வாங்கிவிட்டேன். முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளின் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் பதிவேட்டில் எழுதிய கை, சும்மா இருக்குமா? நம் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி போடுவோம் என்று உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு கோடு.

அண்ணன் வந்து பார்த்தார். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் ‘பாப்பா’ என்று ஒரு பெட்டி. அதற்கு மேலே கோடு இல்லை. பெட்டி அந்தரத்தில் நின்றது.

“செல்வி, எனக்கு ஒண்ணு செய்யறியா? அவங்க பேரு என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. முகம் கிடைச்சாலும் சரி. கிடைக்காட்டிப் பரவாயில்லை” என்றார்.

அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதே கிடையாது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஹாரன் அடிப்பதற்குக்கூட யோசிக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் கேட்டுவிட்டார்.

அலமேலு வந்து போன கதை

ஆண்களின் பெயர் கிடைப்பது சுலபம். பத்திரத்தில் இருக்கும், பட்டாவில் இருக்கும். பெண்களின் பெயர்தான் எங்கேயும் இல்லை. என் தோழி ஜமீலாவிடம் புலம்பினேன். அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வீடு.

“அடி பைத்தியமே, காகிதத்துல ஏன் தேடுறே? அடுப்படியில தேடு. எங்க பெரியம்மா பேரு எங்க வீட்டு பிரியாணி தேக்சாவுலதான் இருக்கு. கல்யாணச் சீர்ல பேரு வெட்டாம எந்த வாப்பா குடுப்பாரு?” என்றாள் அவள்.

அவள் சொன்னது அப்படியே உண்மை. கல்யாணம், காதுகுத்து என்றால் தெருவில் இருக்கிற அண்டா குண்டா எல்லாம் ஒரே வீட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது மாறிப் போகாமல் இருக்கத்தான் பெயர் வெட்டுவது. அதுவும் பெண்ணின் பெயர். தவலை, போகணி, சொம்பு, தூக்குவாளி என்று சொந்தக்காரர்கள் படம் படமாக அனுப்பினார்கள். என் சார்ட் பேப்பரில் நாலு பெரியம்மாக்களும் ஒரு கொள்ளு அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அலமேலு வந்தாள்.

உறையூரில் எங்கள் சித்தப்பா வீட்டு அண்டாவில் ‘கு. அலமேலு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். தாத்தாவின் அப்பா பெயர் குப்புசாமி. ஆகவே அலமேலு தாத்தாவுக்குத் தங்கை. ஆகவே சின்ன வயதிலேயே இறந்திருக்க வேண்டும். பெட்டி போட்டு, கோடு இழுத்து, குரூப்பில் அறிவித்தேன்.

சித்தப்பா உடனே பேசினார். “ஆமாமா, அலமேலு அத்தை. நல்லாப் பாடுவாங்க. எனக்கு லேசா ஞாபகம் இருக்கு.” ஒரு பெரியப்பா மகள் தன் மூக்கு அலமேலுவின் மூக்கு என்று எழுதினாள். மூன்று மாதம் அலமேலு எங்கள் குடும்பத்தில் சீரும் சிறப்புமாக வாழ்ந்தாள்.

ஒரு நாள் சித்தி அந்த அண்டாவைக் கழுவி வாசலில் கவிழ்த்திருந்தார். எதிர் வீட்டு அம்மா பார்த்துவிட்டு, “இது எங்க மாமியாரோட அண்டாவாச்சே. உங்க பெரிய பொண்ணு வளைகாப்புக்கு வாங்கிட்டுப் போனீங்க. அப்புறம் நானும் கேக்க மறந்துட்டேன்” என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அலமேலுவை அண்டாவோடு எதிர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். “நான் அப்பவே சொன்னேன், அது நம்ம அத்தை இல்லைன்னு” என்றார் சித்தப்பா.

அன்றைக்கு ஒரு விதி வைத்தேன். பாத்திரத்தில் இருக்கிற பெயரை மட்டும் நம்பி இனி ஒரு பெட்டியும் போடுவதில்லை. பாத்திரம் எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

யார் கொடுத்த குடம்

அதனால்தான் வசந்தாவின் பால்கனியில் நான் குதிக்கவில்லை. மனசு குதித்தது, உடம்பை அடக்கிக்கொண்டேன்.

“இது அவங்க குடம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மா சொல்லிருக்கு.”

“அத்தைக்கு யாரு குடுத்தா? அப்பாவா?”

வசந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். “மாமா எங்க குடுத்தாரு? உங்கம்மாதான் குடுத்தாங்க. பழைய பித்தளையை எல்லாம் போட்டுட்டு எவர்சில்வர் வாங்கினாங்களே, அப்போ. இதை மட்டும் முந்தானையில மூடி எடுத்துட்டு வந்தாங்களாம். ‘இது அவன் அம்மாவோடது. வீட்டுல இருந்தா ஒரு நாள் அவரு எடுத்துப் போட்டுருவாரு. நீ வச்சிரு, அவன் கேக்கும்போது குடு’ன்னு எங்கம்மா கிட்ட சொன்னாங்களாம். அத்தான் கேக்கவே இல்லை. எங்கம்மாவும் திடீர்னு போயிருச்சு. நான் செடி வச்சேன்.”

என் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. காதும் காதும் வைத்த மாதிரி இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு, கடைசிவரை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்குப் பயந்தாரோ, அண்ணனின் மனசு கலைந்துவிடும் என்று பயந்தாரோ தெரியாது. பால்கனியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வருத்தத்தில் இல்லை. என் அம்மாவை எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மாவைத் தேய்த்தேன். பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘ஜீயபுரம் வைத்தியலிங்கம் குமாரத்தி.’

அந்த ஊர் ஸ்டாப்

குடத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் அண்ணன் வீடு. அவர் பனியனோடு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குடத்தை எதிரில் வைத்தேன். பெயர் இருந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “தனபாக்கியம்” என்றார். இன்னொரு முறை, மெதுவாக, “தனபாக்கியம்” என்றார். பிறகு கீழ் வரியைப் படித்தார்.

“ஜீயபுரமா?”

“ஆமாண்ணே.”

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். “என்னங்க ஆச்சு?”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து குளித்தலைக்குப் பதினோரு வருஷம் பஸ் ஓட்டினேன். தினம் நாலு தடவை அந்த ஊர்ல நிறுத்தி எடுத்திருக்கேன். எங்கம்மா ஊருன்னு தெரியாம, கண்டக்டர் டபுள் விசில் குடுத்ததும் கிளப்பிக்கிட்டுப் போயிருக்கேன்” என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

அன்று சாயங்காலம் அவரே புளி போட்டுக் குடத்தைத் தேய்த்தார். அண்ணி கேட்டும் தரவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கிடைக்கும்வரை எனக்கு இருந்தது ஆசை; கிடைத்த பிறகு வந்தது பயம். அந்த வீட்டில் யாராவது இருந்து, இவரை அணைத்துக்கொண்டால் நான் யார்? செத்துப்போன மகளின் இடத்துக்கு வந்தவள் பெற்ற பெண். அந்த வாசலில் எனக்கு என்ன வேலை? இதை அண்ணனிடம் சொல்லவில்லை. “நீங்க மட்டும் போயிட்டு வாங்கண்ணே” என்றேன்.

“நீ வராம எப்படி? எனக்குப் பேச வராது” என்றார்.

போன வாரம் வந்த பாத்திரக்காரர்

பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றார் அண்ணன். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பையனைவிடத் தான் கியர் நன்றாக மாற்றியதாக என்னிடம் இரண்டு முறை சொன்னார். பதற்றம் வந்தால் அவர் பேசுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜீயபுரத்தில் இறங்கி உரக்கடையில் விசாரித்தோம். “எந்த வைத்தியலிங்கம்? வாழை வைத்தியலிங்கமா, போஸ்ட் ஆபீஸ் வைத்தியலிங்கமா?” என்றார் கடைக்காரர்.

“பொண்ணைத் திருச்சியில குடுத்திருந்தாரு. அவங்க சின்ன வயசுலயே தவறிட்டாங்க” என்றேன்.

“அப்ப வாழை வைத்தியலிங்கம். அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு. மகன் சாமிநாதன் இருக்காரு. வாய்க்காலை ஒட்டியே போங்க, மூணாவது வீடு.”

வாய்க்காலின் இரு பக்கமும் வாழை. முந்தின நாள் மழையில் இலையெல்லாம் கழுவிவிட்டது போல இருந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, எண்பதைத் தொடுகிற வயது.

“யாரு வேணும்?” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக நான் மனப்பாடம் செய்த வாக்கியம் எல்லாம் மறந்துபோனது. “ஐயா, ஒரு பித்தளைக் குடம் கொண்டாந்திருக்கோம்” என்றேன்.

“பாத்திரமெல்லாம் வேணாம்மா. போன வாரம்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு” என்று அவர் பேப்பரைத் திருப்பினார்.

அண்ணன் அதற்குள் துணிப்பையிலிருந்து குடத்தை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டார். பெரியவர் பேப்பரைத் தாழ்த்தினார். பெயர் இருக்கும் பக்கம் அவர் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக் கவிழ்த்து அடிப்பக்கம் தடவினார். அங்கே ஒரு நசுங்கல் இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்தார்.

“இது நான் போட்டது. அக்கா தண்ணிக்குப் போகச்சே கூடப் போயி, தூக்கத் தெரியாம தூக்கி, படித்துறையில உருட்டி விட்டுட்டேன். கல்யாணத்துக்கு வாங்கி வச்ச புதுக்குடம். எங்கப்பா அன்னிக்கு என்னை அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு” என்றார்.

பிறகுதான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார்.

“ராஜேந்திரனா?”

அண்ணன் தலையை ஆட்டினார். பெரியவர் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினார். அறுபத்தேழு வயது அண்ணன் அந்தக் கைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தார். நான் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கூடத்தில் ஒரு படம் இருந்தது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண், இரட்டைப் பின்னல், கையில் யாருடையதோ பெரிய கடிகாரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் கவிதா. அதே கண், அதே கோணல் சிரிப்பு. போனில் படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

“அத்தை, நான் எப்போ இந்தப் புடவை கட்டினேன்?”

“அது நீ இல்லடி. உங்கப்பாவோட அம்மா” என்றேன்.

அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

வாசல்வரை போன தட்டு

காபி வந்தது. சாமிநாதன் மாமா பேச ஆரம்பித்தார்.

“நீ பொறந்து ஒரு வருஷம் ஆனதும் உனக்குக் காது குத்தணும்னு எங்கப்பா சீர் எடுத்துக்கிட்டு வந்தாரு. தாய்மாமன் மடியிலதானே உக்கார வைக்கணும்? எனக்கு அப்போ பன்னெண்டு பதிமூணு வயசு. கடுக்கன் வச்ச தட்டு என் கையில. உங்கப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. அக்கா போனப்போ பிள்ளையை நாங்க கேட்டோம், அந்தக் கோவம். அவரு வேற கல்யாணமும் பண்ணிட்டாரு. ‘இனிமே உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் இல்லை’ன்னாரு. தட்டைத் திரும்பத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தோம்.”

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். “அந்தக் கல்யாணத்துல பொறந்தவதாங்க நான்” என்றேன். சொல்லாமல் காபி குடிப்பது திருட்டு மாதிரி இருந்தது.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சது யாரு?”

“இவதான் மாமா” என்றார் அண்ணன்.

“வச்சிருந்தது யாரு?”

“இவ அம்மா.”

“இவனுக்குத் தங்கச்சின்னா எனக்கு அக்கா மக. உக்காரு. ஏன் நின்னுக்கிட்டு இருக்கே? காபி ஆறுது பாரு” என்றார் மாமா.

உட்கார்ந்தேன். அந்தக் காபியில் சர்க்கரை கூடுதல். எனக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லாமல் முழுவதும் குடித்தேன்.

மாமாவின் கண் அண்ணனின் காதுக்குப் போனது. “உனக்குக் காது குத்தலையா?”

“இல்லைங்க மாமா.”

“ஏன்?”

அதற்குப் பதில் எனக்குத்தான் தெரியும். எனக்குக் காது குத்தியபோது, என் சொந்த மாமா அண்ணனையும் மடியில் வைத்து ஒன்றாகக் குத்திவிடலாம் என்றாராம். என் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ‘அவனுக்குத் தாய்மாமன் இருக்காரு. அவரு மடி அவனுக்கு இருக்கட்டும்’ என்றாராம். அத்தை எப்போதோ சொன்னது. சின்ன வயதில் அதை நான் ஏதோ மாற்றாந்தாய்க் கணக்கு என்று நினைத்திருந்தேன். மாமாவிடம் சொன்னேன்.

மாமா மெல்ல எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய பவுடர் டப்பாவோடு வந்தார். பஞ்சுக்குள் ஒரு ஜோடிக் கடுக்கன். சிவப்புக்கல், குழந்தைக் காதுக்கு அளவானது.

“வளர்பிறையில நாள் பாக்குறேன்” என்றார்.

“மாமா, எனக்கு அறுபத்தேழு வயசு.”

“எனக்கு எழுபத்தொம்பது. அதுக்கு என்ன இப்போ?”

மடி

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். ஜீயபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். பூவன் தார், பூ, பழம், வேட்டி, எனக்கு ஒரு அரக்குப் புடவை. எங்கள் பக்கம் சித்தப்பா முதல் ஜமீலா வரை எல்லோரும். வசந்தா வரும்போதே, மணி பிளாண்டுக்கு நான் வாங்கிக் கொடுத்த மண்தொட்டி சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னாள். சுவரில் என் சார்ட் பேப்பரை ஒட்டியிருந்தேன். ‘தனபாக்கியம்’ என்ற பெட்டிக்கு மேலே கோடு போய், அதிலிருந்து ஜீயபுரத்து ஆட்கள் கிளை கிளையாக விரிந்திருந்தார்கள். ஆளாளுக்குத் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாதவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

கடுக்கன் தட்டை மாமாதான் தூக்கி வந்தார். பேரன்கள் கேட்டும் கொடுக்கவில்லை. மேளம் முன்னால் போய்விட்டது. மண்டப வாசலில் மாமா நின்றார். தட்டைப் பிடித்தபடி, படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்குகிறது என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணன் மணையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார். “உள்ள வாங்க மாமா” என்று கையைப் பிடித்தார். மாமா படியேறினார்.

அண்ணன் எண்பத்து நாலு கிலோ. மடி என்றால் மடிதான், பக்கத்தில் எல்லாம் உட்கார வைக்க முடியாது என்று மாமா பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மாமாவைச் சோபாவில் உட்காரவைத்து, அவர் தொடையை அண்ணன் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி, மாமாவின் மகன்கள் இருவர் இரண்டு பக்கமும் அண்ணனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். “சீக்கிரம் குத்துங்க ஆசாரி, எங்களால முடியலை” என்றான் ஒருவன். மண்டபமே சிரித்தது. அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் சார்ட் பேப்பர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆசாரி குத்தினார். அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மாமா அவர் வாயில் சர்க்கரையைப் போட்டார், குழந்தைக்குப் போடுவது போலவே.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. காது ஆறியதும் கழற்றிவிடுவார் என்று அண்ணி நினைத்தார். அண்ணன் கழற்றவில்லை. அந்தப் பெரிய காதில் அந்தச் சின்னச் சிவப்புக்கல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் அம்மா மண்டபத்துக்கு அருகே டீ குடிக்க நின்றோம். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒரு கண்டக்டர் வந்தார். காதைப் பார்த்துவிட்டு, “என்ன ராஜேந்திரா, இந்த வயசுல கடுக்கன் எல்லாம்?” என்றார்.

“எங்க மாமா போட்டது” என்றார் அண்ணன்.

கேட்டவர் அதோடு போயிருக்கலாம். “எந்த மாமா?” என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட்டார். ஹாரன் அடிக்க யோசிக்கிற என் அண்ணன், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜீயபுரம் வைத்தியலிங்கத்திலிருந்து ஆரம்பித்தார்.